இடியாப்பமும் சந்தகையும்

அரிசி மாவை அச்சிலிட்டு நூல்போலப் பிழிந்து ஆவியில் அவிக்கும் பண்டம், தமிழகத்தின் பெரும்பகுதியில் இடியாப்பம் என்றும், ஈழத்தமிழரிடையே இடியப்பம் என்றும், சிங்களத்தில் இந்தியாப்ப என்றும் வழங்க, மலபாரில் அது நூல்புட்டு எனவும் குடகில் நூப்புட்டு எனவும் பெயர் பெறுகிறது. கடல் கடந்து மலேசியாவுக்குச் சென்றபின் தேங்காய்த் துருவலும் பனைச் சர்க்கரையும் சேர்த்து உண்ணப்படும் அதற்குப் புத்து மாயாம் என்று பெயர். இவற்றை அடுக்கிப் பார்த்தால், புதிதாக வந்த பண்டத்தை ஒவ்வொரு வட்டாரமும் தான் முன்பே அறிந்த பண்டமொன்றின் இனத்தில் சேர்த்துக்கொண்டது போலத் தோன்றுகிறது: வட்டமாகத் தட்டில் விழுவதைக் கண்டோர் அதை அப்பம் என்றனர், மாவும் ஆவியும் தேங்காயும் கூடுவதைக் கண்டோர் புட்டு என்றனர். இடியாப்பத்தின் முன்னொட்டான இடி என்பது மாவை உரலில் இடிக்கும் வேலையைக் குறிப்பது என்பதே பொருத்தமான விளக்கம். வானத்து இடிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இப்பண்டத்தின் தொன்மையைக் காட்டச் சங்க இலக்கியத்தைத் துணைக்கழைப்போர் உண்டு. தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், கூவியர் எனப்படும் அப்ப வணிகர், இழை சூழ்ந்த வட்டமான பண்டமொன்றைப் பாகு சேர்த்துச் செய்வதாகக் குறிப்பு வருகிறது. அந்த இழையைப் பிழிந்த நூலாகக் கொள்வதற்கு, அச்சையோ பிழிதலையோ பற்றிய சொல் எதுவும் அங்கில்லை. அப்பத்தின் ஓரத்தில் வலைபோல் படரும் பின்னலாகவும் அது இருக்கலாம்.

பெயர் வேறுபாடு வெறும் வழக்கு வேறுபாடன்று என்பதைக் கொங்கு நாட்டுச் சந்தகை தெளிவாகக் காட்டுகிறது. இடியாப்பத்துக்குப் பச்சரிசி மாவை வெந்நீரில் பிசைந்து, பிழிந்து, அதன்பின் அவிப்பார்கள். சந்தகைக்கோ புழுங்கல் அரிசியை ஊறவைத்து அரைத்து, இட்லியாக முதலில் அவித்தெடுத்து, சூடு ஆறுவதற்குள் அச்சிலிட்டுப் பிழிவார்கள். பிழிந்தபின் அடுப்பு வேலை இல்லை. வெந்த மாவு இறுகிய பசைபோல் நின்று எளிதில் துளை வழியே இறங்காதாகையால், கைக்கு அடங்கும் இடியாப்ப உரல் இதற்குப் போதாது. கால்கள் கொண்ட கனத்த கருவியை ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் திருகையோ நெம்புகோலையோ அழுத்த வேண்டும். ஆறினால் மாவு கட்டிப்போய்விடும் என்பதால் அவித்தெடுப்பவரும் பிழிபவரும் கையோடு கையாகச் செய்யும் வேலை அது. ஏனைய மாவட்டங்களின் பிராமண வீடுகளில் இதே முறையில் செய்யப்படுவது சேவை எனவும், பிழியும் கருவி சேவை நாழி எனவும் அழைக்கப்படுகின்றன. கன்னடத்தின் ஒத்து சாவிகெயும் இவ்வகையினதே. ஒத்து என்பது அழுத்துதல். முன்பே வெந்திருப்பதால் இழைகள் ஆறியபின் ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிரியாக நிற்கின்றன. எலுமிச்சை, தேங்காய், புளி என்று தாளித்துக் கலக்க இதனால்தான் சேவை இசைகிறது. தேங்காய்ப்பாலும் வெல்லமும் ஊற்றியுண்ணும் சந்தகை கொங்குப் பகுதியில் விருந்தினருக்கென்றே செய்யப்படும் பலகாரம். அதற்கு ஆகும் உழைப்பை அறிந்தால் காரணம் விளங்கும்.

யாழ்ப்பாணத்து இடியப்பம் பிழியும் முறையில் தமிழகத்ததை ஒத்ததாயினும் மாவில் வேறுபடுகிறது. அங்கே சிவப்பரிசி மாவை வறுத்துப் பயன்படுத்துவதோடு, கோதுமை மாவைத் துணியில் கட்டி ஆவியில் அவித்து, கட்டியான மாவை உதிர்த்து அரித்தெடுத்து அதிலும் இடியப்பம் பிழிகின்றனர். பின்னப்பட்ட சிறு தட்டுகளில் ஒவ்வொன்றாகப் பிழிந்து, தட்டுகளை அடுக்கி அவித்து, தேங்காய்ப்பாலில் செய்த சொதியும் சம்பலும் சேர்த்து உண்பது அங்குள்ள வழக்கம். மிஞ்சிய இடியப்பத்தை உதிர்த்து, காய்கறியோ இறைச்சியோ சேர்த்துக் கொத்தினால் இடியப்பக் கொத்து ஆகிவிடுகிறது.