சந்தனத்தின் சூடு

பொட்டல்புதூர் கந்தூரியில் அத்தர் வியாபாரி ஒருவர் என் புறங்கையில் ரோஜா அத்தரை ஒரு கோடு இழுத்துவிட்டு, ‘இப்ப மோந்து பாக்காதீங்க அண்ணாச்சி, தென்காசி போய்ச் சேந்தப்புறம் பாருங்க’ என்றார். பொறுக்கவில்லை, உடனே முகர்ந்தேன். கல்யாண வீட்டு வாசலில் தெளிக்கிற பன்னீர்தான். சில்லென்று, சற்றுக் கூர்மையாக. தென்காசிக் கோயிலின் கோபுர வாசலில், காற்று ஆளைத் தள்ளும் அந்த இடத்தில், மறுபடி முகர்ந்தபோது ரோஜா பின்வாங்கியிருந்தது. அதன் இடத்தில் வெதுவெதுப்பாக, கனமாக, தோலோடு ஒட்டி வேறொன்று: சந்தனம்.

இது வாலை வடிக்கும் முறையிலிருந்து வருவது. கன்னௌஜில் செப்பு அண்டாவில் ரோஜாவையும் நீரையும் இட்டு, மூடியைக் களிமண்ணால் அடைத்து, விறகும் வரட்டியும் எரிக்கிறார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியே வந்து, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்ந்த இன்னொரு செப்புப் பாத்திரத்தில் குளிர்கிறது. அதில் முன்கூட்டியே ஊற்றி வைத்திருப்பது சந்தன எண்ணெய். ரோஜாவைப் பிடித்து நிறுத்துவது அதுதான். சந்தனம் விலையேறியபின் பலர் திரவ பாரஃபினுக்கு மாறிவிட்டார்கள். அதில் இந்தச் சூடு கிடையாது.

ஜஹாங்கீர் (ஆட்சி 1605–1627) தம் நினைவுக் குறிப்புகளில் ரோஜா அத்தரைக் கண்டுபிடித்த பெருமையை நூர்ஜஹானின் தாயாருக்குத் தருகிறார். சூடான பன்னீரின்மேல் படர்ந்த எண்ணெயை அந்த அம்மாள் வழித்துச் சேர்த்தாராம். அது கலப்பில்லாத ரோஜா. என் கையில் இருந்ததோ வடக்கத்திப் பூவும் தெற்கத்தி மரமும் கலந்த சரக்கு.

அந்த மரம் நமக்குப் பழையது. குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களில் ரோஜா இல்லை. சந்தனமாகிய ஆரம் உண்டு. பொதிகை என்றாலே சந்தனமும் தென்றலும், இரண்டும் குளிர்ச்சி என்பது புலவர் சம்பிரதாயம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திரிகூடராசப்பக் கவிராயர் எழுதிய குற்றாலக் குறவஞ்சியில் இது தலைகீழாகிறது. திரிகூடநாதர்மேல் மையல் கொண்ட வசந்தவல்லிக்குத் தோழியர் சந்தனம் பூசப்பூச, தாபம் தணியாமல் மூளுகிறது.

பல வருஷங்களுக்கு முன் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த இடத்தைத் ‘தேய்ந்துபோன விரக சம்பிரதாயம்’ என்று நான் ஒதுக்கியிருந்தேன். இப்போது அதை வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. சம்பிரதாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குள் ஒரு ஸ்தூல அனுபவம் இருக்கிறது. அரைத்துப் பூசிய சந்தனத்தில் குளிர்வது தண்ணீர். அது உலரும்வரைதான் குளிர்ச்சி. வாசனையோ உடம்பின் சூட்டில் எழுவது. உடம்பு கொதிக்கக் கொதிக்க அது இன்னும் எழும். கவிராயர் இதை யோசித்து எழுதினாரா என்பது வேறு கேள்வி. நான் மூக்கில்லாமல் படித்தேன் என்பது நிச்சயம். சம்பிரதாயம் என்ற ஒரு சொல்லால் நாம் தள்ளிவைத்த வரிகளில் இப்படி இன்னும் எத்தனை இருக்குமோ.

மறுநாள் காலை குற்றாலம் பேரருவியில் வெகுநேரம் நின்றேன். ரோஜா முழுக்கப் போய்விட்டது. துவட்டிக்கொண்டு வெயிலுக்கு வந்து, உடம்பு சூடேறியபின், புறங்கையில் சந்தனம் லேசாகத் திரும்பி வந்தது.