வங்கதேசம், 1971: வெளியார் செய்ததும் செய்யாததும்

கிழக்கு வங்காளம் கலங்கியபோதெல்லாம் தென் கல்கத்தாவின் டாக்குரியா அதை உணர்ந்திருக்கிறது. 1947 பிரிவினைக்குப் பின் டாக்குரியா, ஜாதவ்பூர் வட்டாரத்துக் காலி நிலங்களிலும் கைவிடப்பட்ட ராணுவ முகாம்களிலும் அகதிகள் தாங்களே காலனிகளை எழுப்பிக்கொண்டார்கள். 1971-இல் வந்த அலை இன்னும் பெரியது. மார்ச் 25 இரவு, அன்று கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த கிழக்கு வங்காளத்தின் டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் தாக்குதலைத் தொடங்கியது. ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் எல்லை தாண்டினர். பெரும்பகுதியினர் மேற்கு வங்கத்துக்கே வந்தனர். ஏப்ரலில் பதவியேற்ற வங்கதேசத் தற்காலிக அரசும் கல்கத்தா தியேட்டர் ரோட்டிலிருந்தே இயங்கியது.

வெளியுலகின் முதல் உதவி நிவாரணமாக வந்தது. ஐ.நா. அகதிகள் ஆணையம் அதை ஒருங்கிணைத்தது. முகாம்களில் காலரா பரவியபோது, கல்கத்தாவில் இருந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வு மையத்தின் மருத்துவர் திலீப் மகலநாபிஸ் பங்காவ் முகாமில் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் மூன்றையும் நீரில் கரைத்து, குழாய் வைத்த டிரம்களில் நிரப்பிவைத்தார். நோயாளிகளின் உறவினர்களே பிடித்துக் கொடுத்தார்கள். நரம்பு வழியே ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோயிருந்த இடத்தில் சாவு வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் செலவின் பெரும்பங்கு இந்தியாவின் தலையில்தான் விழுந்தது. நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் கடிதம் போட்டவரும் ஐந்து பைசா அகதிகள் நிவாரணத் தபால்தலை ஒட்ட வேண்டியிருந்தது.

அரசியலில் வல்லரசுகள் இரண்டுபட்டன. அமெரிக்காவுக்குச் சீனாவை எட்டும் வழியாகப் பாகிஸ்தான் தேவைப்பட்டது. பாகிஸ்தான் அதிபர் யாஹியா கானை அது கடிந்துகொள்ளவில்லை. டிசம்பரில் இந்தியா–பாகிஸ்தான் போர் மூண்டதும் எண்டர்பிரைஸ் போர்க்கப்பலை வங்காள விரிகுடாவுக்கு அனுப்பியது. சோவியத் ஒன்றியம் ஆகஸ்ட் 9-இல் இந்தியாவுடன் ஒப்பந்தம் செய்து, பாதுகாப்பு அவையில் போர்நிறுத்தத் தீர்மானங்களைத் தன் வீட்டோவால் தடுத்தது. களத்தில் போரிட்டவர்கள் வங்கதேச விடுதலைப் படையான முக்தி பாஹினியும் இந்தியப் படையும். சோவியத் தந்தது அவகாசம். கப்பலை விட அந்த அவகாசமே முடிவைத் தீர்மானித்தது எனலாம். டிசம்பர் 16-இல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது.

அதிகம் பேசப்படாத உதவி அதன் பிறகு வந்தது. சிட்டகாங் துறைமுகம் கண்ணிவெடிகளாலும் மூழ்கிய கப்பல்களாலும் அடைபட்டிருந்தது. உணவுக் கப்பல்கள் கரைசேர அதைத் திறந்தாக வேண்டும். இந்தியப் படை 1972 மார்ச்சில் டாக்காவை விட்டு வெளியேறியது. அடுத்த மாதம் சோவியத் கடற்படையினர் சிட்டகாங்கில் துப்புரவைத் தொடங்கி, 1974 ஜூனில் வேலையை முடித்து ஊர் திரும்பினர்.