கன்றுக்குப் போட்ட ஊசி கையில் ஏறினால்

கனகம்மாசத்திரம் பக்கம் மாடுங்க காதுல மஞ்சள் தோடு பாத்திருப்பீங்க. இன்னைக்கு அந்த மாடுகளுக்கு ஊசி போடுறவங்க கதை.

1923-ல் அமெரிக்காவில் ஜான் பக் என்பவர் ஒரு ஜெர்சி மாட்டின் பாலிலிருந்து புருசெல்லா கிருமியைப் பிரித்தெடுத்தார். அது ஒரு வருஷத்துக்கு மேல அறை வெப்பத்திலேயே கிடந்தது. கிருமி சாகல, வீரியம்தான் குறைஞ்சுது. எஸ்19 தடுப்பூசி பிறந்த கதை இதுதான். (மறந்து விட்ட சர்வர்ல நமக்கு இப்படி எதுவும் நல்லது நடந்ததில்ல.)

ஆனா வீரியம் குறைஞ்சது மாட்டுக்கு மட்டும்தான். உள்ளே இருப்பது உயிருள்ள கிருமி. கன்று துள்ளி ஊசி விரலில் ஏறினாலோ, மருந்து கண்ணில் தெறித்தாலோ, போடுறவருக்கே புருசெல்லோசிஸ் வரலாம்: விட்டு விட்டு வரும் காய்ச்சல், மூட்டுவலி, வாரக்கணக்கில் மாத்திரை.

2019 செப்டம்பரில் மதுராவில் தொடங்கிய தேசியத் திட்டத்தில், 4 முதல் 8 மாத கிடேரிக் கன்றுகளுக்கு வாழ்நாளில் ஒரே தடவை இந்த ஊசி. ஊசிக்கழிவு விதிகள் 1998-லேயே கால்நடை மருத்துவமனைகளையும் சேர்த்துக்கொண்டன. 2016 விதிப்படி பயன்படுத்திய ஊசி, துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டிக்குள் போகணும். மூடியைத் திரும்ப மாட்டவே கூடாது, அங்கதான் விரல்ல குத்தும்.

தொழுவத்தில் அந்தப் பெட்டி எங்கே? ஒரு கையில் கயிறு, மறு கையில் சிரிஞ்சு. மூடியைப் பல்லால் கடிச்சுப் பிடிச்சுக்கிட்டு நின்னவரை நானே பாத்திருக்கேன்.