எல்லார் பெயரும் ஜாவா

லினக்ஸ் கணினியில் இப்போது என்னென்ன ஓடுகிறது என்று பார்க்க 'பி.எஸ்.' என்று ஒரு கட்டளை உண்டு. பெரிய அலுவலகக் கணினியில் அதைக் கொடுத்தால் நாலைந்து வரிகளில் 'ஜாவா', 'ஜாவா' என்றே வரும். எது சம்பளக் கணக்கு, எது வரி வசூல்? அதில் ஒன்றை நிறுத்தியாக வேண்டிய நேரத்தில் இது பெரிய சங்கடம். ஆள் மாறினால் யாருடைய வேலையோ பாதியில் அறுந்துபோகும்.

யூனிக்ஸின் ஆரம்பத்தில் இந்தத் தொல்லை அதிகம் இல்லை. கோப்பின் பெயரே, ஓடும் புரோகிராமின் பெயர். 1979-ல் வந்த ஏழாம் பதிப்பில் கோப்பின் பெயருக்கு 14 எழுத்துதான் இடம். ஓடுவதற்கும் அதே 14. ஆனால் அதைப் படிக்க பி.எஸ். கணினியின் நினைவகத்தையே துழாவ வேண்டியிருந்தது. 1984-ல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டாம் கில்லியன், ஓடும் ஒவ்வொன்றையும் ஒரு கோப்பாகவே காட்டும் முறையை விவரித்தார். அதுதான் 'ப்ராக்'. எங்கள் பாஷையில் சொன்னால் ஆளுக்கு ஒரு சர்வீஸ் புக். 1992-ல் லினக்ஸும் அதை எடுத்துக்கொண்டது.

1995-ல் ஜாவா வந்தது. பிறகு பைத்தானும் பரவியது. இவற்றில் ஓடுவது நம் புரோகிராம் அல்ல, அதைப் படித்து நடத்தும் இன்னொன்று. பிரெஞ்சில் படித்த எனக்கு 'அந்தெர்ப்ரெத்' என்றால் கோர்ட்டில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர்தான் நினைவுக்கு வருவார். வாய் அவருடையது, வழக்கு வேறொருவருடையது. பி.எஸ். வாயின் பெயரை மட்டும் எழுதிக்கொள்கிறது.

வழக்கு எது என்று அறிய, ப்ராக்கில் 'சி.எம்.டி.லைன்' என்ற ஏட்டைப் பார்க்க வேண்டும். தொடங்கும்போது கொடுத்த முழுக் கட்டளையும் அதில் இருக்கும். சோலாரிஸ் கணினிகளில் முதல் 80 எழுத்தோடு அது நறுக்கப்பட்டது. ஜாவாக்காரர்களோ நூலகங்களின் நீண்ட பட்டியலை முன்னால் எழுதிவிட்டு, முக்கியமான பெயரைக் கடைசியில் வைப்பவர்கள். வெட்டு சரியாக அங்கேதான் விழும்! லினக்ஸில் 4096 எழுத்துவரை தாராளம், 2015-ல் 4.2 பதிப்பில் அந்த வரம்பும் போயிற்று. ஜாவாவுக்கென்றே 'ஜே.பி.எஸ்.' என்ற தனிக் கருவி 2004-ல் அதன் ஐந்தாம் பதிப்போடு வந்தது.

ஆனால் சி.எம்.டி.லைனை அப்படியே நம்பக் கூடாது. ஓடும் புரோகிராமே அதைத் திருத்தி எழுதலாம். போஸ்ட்கிரஸ் நல்லதுக்காகவே, எந்தப் பயனருக்கு என்ன செய்கிறது என்று எழுதிவைக்கிறது. வேஷக்காரனும் எழுதலாம் அல்லவா? 'எக்ஸ்இ' என்ற இணைப்பு கெர்னல் தானே வைத்திருக்கும் கணக்கு, அவ்வளவு சுலபமாக மாற்ற முடியாது. அது வாயை உறுதியாகக் காட்டும், வழக்கைக் காட்டாது. ஆகவே இரண்டையும் பார்த்து, எந்த அடைவில் நின்று ஓடுகிறது என்பதைச் சொல்லும் 'சி.டபிள்யூ.டி.'யையும் சேர்த்துப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்தும் கட்டளையைத் தொட வேண்டும்.