காடு எனப்படுவது யாது?

1840ஆம் ஆண்டில் இலங்கையின் பிரித்தானிய ஆட்சி 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தை இயற்றியது. காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியனவே என்றது அச்சட்டம். நிரூபிக்கும் சுமை குடியானவன் தோளில் ஏறியது.

அச்சுமையின் கனத்தை அறிய நாம் சுண்டிக்குளத்தை நோக்குவோம். யாழ்ப்பாணக் குடாநாடு வன்னிப் பெருநிலத்தோடு இணையுமிடத்தில், வலசைப் பறவைகள் வந்திறங்கும் கடனீரேரி அது. 1938இல் அது சரணாலயமாயிற்று. 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்தினுள் தனியார் காணியும் இருக்கலாம். தேசியப் பூங்காவோ அரச காணியில் மட்டுமே அமையலாம். அனுமதியின்றி எவரும் உட்புகலாகாது. 2015 யூன் மாதத்தில் சுண்டிக்குளம் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. பரப்பு 19,565 ஹெக்டேயர்.

இவ்விரு ஆண்டுகளுக்கும் இடையே நிகழ்ந்தது என்ன? போர். 2009இல் அது முடியுமுன் வடமராட்சி கிழக்கு மக்கள் பலமுறை இடம்பெயர்ந்தனர். எரிந்த வளவுகளில் பற்றை தழைத்தது; காணி உறுதிகளும் பலருக்கு அழிந்தன.

தனியார் நிலத்தை அரசு பெறுவதற்கு 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டம் உண்டு. அதில் அறிவித்தல் உண்டு, ஆட்சேபனை உண்டு, நட்டஈடும் உண்டு. ஆனால் உறுதியற்றவனின் நிலம் அரச நிலமெனக் கொள்ளப்படின், எடுப்பதற்கே எதுவுமில்லை! வர்த்தமானியில் எல்லை வரைந்தாற் போதும்.

பறவைக்கு நாம் பகைவரல்லர். பாதுகாப்பும் வேண்டும். ஆயினும், உழவன் துரத்தப்பட்டதால் வளர்ந்த பற்றையை ஆதிக்காடென எண்ணுதல் நீதியாகாது. எல்லைக் கல் நாட்டுமுன் உரிமை ஆராயப்படல் வேண்டும். நிரூபிக்கும் சுமையை அரசே சுமத்தல் வேண்டும்.