வழிப்போக்கனின் உரிமையும் ஊராரின் கடமையும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் பேருந்தில் செல்வோர் பாலவனத்தத்தைச் சில நிமிடங்களில் கடந்துவிடுகின்றனர். 1901-இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவரின் ஜமீன் ஊர் என்பதே பலருக்கும் அவ்வூரைப் பற்றித் தெரிந்த செய்தி. ஆனால் இந்தச் சாலையை மனிதர்கள் காலால் அளந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலம் நமக்கு விட்டுச்சென்ற பாடம் ஒன்றும் உண்டு.

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு இரயில் வந்தது 1876-இல். பாம்பன் பாலத்தின் வழியே இராமேசுவரத்திற்கு இரயில் சென்றது 1914-இல். அருப்புக்கோட்டைக்கு இருப்புப்பாதை வந்ததோ 1960-களில்தான். அதற்கு முன், யாத்திரை செல்வோரும், தலைச்சுமை வணிகரும், வேலை தேடிப் புறப்பட்டோரும் இந்தக் கரிசல் மண்ணை நடந்தோ மாட்டு வண்டியிலோதான் கடந்தனர். திருச்சுழியை ஒட்டி ஓடும் குண்டாறு மழைக்காலம் தவிர மற்ற நாட்களில் வெறும் மணல். கிணறு தோண்டினால் பல இடங்களில் உப்புநீர். மழைநீரைத் தேக்கி வைத்த ஊருணியே குடிநீருக்கு ஆதாரம். சுமையோடு நடப்பவர் ஒரு பகலில் ஏறத்தாழ இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் கடப்பார். கோடை வெயிலில் அதுவும் குறையும். ஆகவே, அடுத்த ஊர் எவ்வளவு தூரம் என்பதைவிட, அடுத்த தண்ணீர் எவ்வளவு தூரம் என்பதே அவருக்குப் பெரிய கேள்வியாக இருந்தது.

அந்தக் கேள்விக்கு ஊரார் அளித்த விடைகளே தண்ணீர்ப் பந்தல், சாவடி, சத்திரம், சுமைதாங்கி ஆகியவை. இவற்றுள் சுமைதாங்கி நம் சிந்தனைக்குரியது. இரண்டு கற்களை நட்டு, அவற்றின் மேல் ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு வருபவர் பிறர் உதவியின்றி அதில் சுமையை இறக்கி வைக்கலாம். இளைப்பாறிய பின் தாமே தூக்கிக்கொள்ளலாம். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாக அவளுடைய குடும்பத்தார் இதனை நிறுவுவது தமிழகத்தில் பரவலாக இருந்த வழக்கம். தன் சுமையை இறக்கி வைக்க இயலாமல் போன ஒருத்தியின் பெயரால், முன்பின் அறியாத மனிதர்களின் சுமையை இறக்கி வைத்தார்கள். அந்தக் குடும்பத்தாரின் துயரம் வழிப்போக்கருக்கு நிழலாயிற்று.

அரசர்களும் இப்பணியைச் செய்தனர். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் சாலைகளையும் சத்திரங்களையும் அமைத்ததால், மங்கம்மாள் சாலை என்ற பெயர் தென்மாவட்டங்களில் இன்றும் வழங்குகிறது. மதுரை இரயில் நிலையத்திற்கு எதிரே அவர் பெயரால் சத்திரம் இருக்கிறது. இராமநாதபுரம் சேதுபதிகள் இராமேசுவர வழியில் சத்திரங்கள் கட்டி, அவற்றின் செலவுக்கு ஊர்களையே மானியமாக விட்டனர். கட்டடத்தை எழுப்பியதோடு நின்றுவிடாமல், அது நாள்தோறும் இயங்க நிலையான வருவாயையும் ஒதுக்கினர். நம் வக்ஃபின் தத்துவமும் இதுவே.

இனி நம் மார்க்கத்தைப் பார்ப்போம். ஸகாத் பெறத் தகுதியானோர் என அல்லாஹ் அத்தவ்பா அத்தியாயத்தின் 60-ஆவது வசனத்தில் குறிப்பிடும் எட்டு வகையினரில் வழிப்போக்கரும் ஒருவர். தன் ஊரில் செல்வந்தராக இருப்பவர்கூட, வழியில் கைப்பொருள் இழந்து நின்றால் ஸகாத் பெறலாம் என்பது சட்ட அறிஞர்களின் விளக்கம். அவருடைய வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கப்படுவதில்லை. இந்த இடத்தில், இந்த நேரத்தில் அவருக்கு என்ன தேவை என்பதே பார்க்கப்படுகிறது.

தொழுகையைச் சுருக்கித் தொழும் பயணத்தின் அளவை, ஹனஃபீ மத்ஹபினர் மூன்று நாள் நடைத் தொலைவு என்றும், ஷாஃபிஈ மத்ஹபினர் இரண்டு மர்ஹலா என்றும் வகுத்தனர். மர்ஹலா என்பது ஒருநாள் பயணத் தொலைவு. ஒரு தங்குமிடத்திலிருந்து அடுத்த தங்குமிடம் வரையிலான வழி. இன்று நாம் அதனைக் கிலோமீட்டரில் கணக்கிட்டாலும், அந்தச் சட்டத்தின் அடியில் இருப்பது களைத்துப்போன இரண்டு கால்கள்தாம்.

மதீனாவில் ரூமா கிணற்றை விலைகொடுத்து வாங்கி அனைவருக்கும் பொதுவாக்கிய உஸ்மான் (ரலி) அவர்களின் வரலாற்றை நம் பிள்ளைகள் அறிவார்கள். கலீஃபா ஹாரூன் ரஷீதின் மனைவி ஸுபைதா அம்மையார், கூஃபாவிலிருந்து மக்கா செல்லும் பாலைவழியில் கிணறுகளும் நீர்த்தேக்கங்களும் தங்குமிடங்களும் அமையப் பெரும்பொருள் வழங்கினார். அவ்வழி இன்றும் ஸுபைதா வழி என்றே அறியப்படுகிறது. தன்னிடம் மிஞ்சிய தண்ணீரை வழிப்போக்கருக்குக் கொடுக்க மறுத்தவரை மறுமையில் அல்லாஹ் ஏறிட்டும் பார்க்கமாட்டான் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி புகாரியில் இடம்பெற்றுள்ளது.

இந்த மண்ணின் பழைய ஏற்பாடுகளில் குறையே இல்லை என்று சொல்வதற்கில்லை. 14-ஆம் நூற்றாண்டில் மலபார் கரையோரம் பயணம் செய்த இப்னு பதூதா, மரநிழல் நிறைந்த அந்த வழியில் அரை மைலுக்கு ஒரு தங்குமிடமும் கிணறும் இருந்ததை வியந்து எழுதியிருக்கிறார். அங்கே இந்துக்களுக்குப் பாத்திரத்திலும் முஸ்லிம்களுக்குக் கையிலும் தண்ணீர் ஊற்றப்பட்டதையும் அவர் பதிவு செய்கிறார். பிற்காலச் சத்திரங்கள் பலவற்றிலும் சாதிக்கொரு பந்தி இருந்தது. தாகம் எல்லோருக்கும் ஒன்றாக இருந்தும், தண்ணீர் ஒன்றுபோல் வழங்கப்படவில்லை. நம் முன்னோர் செய்த நன்மையைத் தொடர்வோம்; இந்தக் குறையைத் தொடர வேண்டாம்.

நடைப்பயணம் முடிந்துபோன கதையன்று. அமெரிக்காவில் 14 மாநிலங்களின் ஊடாக ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் செல்லும் அப்பலாச்சியன் நடைபாதை 1937-இல் முழுமை பெற்றது. அதில் மாதக்கணக்கில் நடப்போர், சில நாட்களுக்கு ஒருமுறை அருகிலுள்ள ஊரில் இறங்கிக் குளித்து, துணி துவைத்து, உணவு வாங்கிக்கொண்டு மீண்டும் நடக்கின்றனர். முன்பின் தெரியாத அவர்களுக்காக வழியோரம் தண்ணீர் வைக்கும் மனிதர்கள் அங்கும் உண்டு. அவர்கள் விரும்பி நடப்பவர்கள். விரும்பாமல் நடந்தவர்களை 2020-இல் கண்டோம். ஊரடங்கில் வேலையும் வாகனமும் இழந்து, குழந்தைகளைத் தோளில் சுமந்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்த தொழிலாளர்களை நாடே பார்த்தது. அத்தனை அகலமான நெடுஞ்சாலைகளில் ஒரு சுமைதாங்கி இல்லை.

நம் வட்டாரத்தில் இன்றும் பழனிக்குப் பாதயாத்திரை செல்வோர் உண்டு. வேலை தேடி வந்த வடமாநில இளைஞர்களும், வெயிலில் பொருள் விற்கும் பெண்களும் நம் தெருக்களில் நடக்கின்றனர். ஸகாத்துக்குத் தனி விதிகள் உண்டு. ஸதகாவையும் தண்ணீரையும் யாருக்கும் கொடுக்கலாம். தொழுகை நேரம் முடிந்ததும் பூட்டப்படும் பள்ளிவாசல் வாயிலருகே ஒரு குடிநீர்க் குழாய், ஒரு திண்ணை, பெண்களும் தயங்காமல் பயன்படுத்தத்தக்க ஒரு தூய கழிப்பறை ஆகியவற்றை அமைக்க ஒரு ஜமாஅத்தால் முடியாதா? அவற்றை நாள்தோறும் தூய்மை செய்பவரின் ஊதியத்திற்கு ஒரு கடை வாடகையை ஒதுக்க முடியாதா? இறந்த பெற்றோருக்காக ஸதகத்துல் ஜாரியா செய்ய விரும்பும் பிள்ளைகள், கல்வெட்டில் பெயர் பொறிப்பதற்கு முன் இதனை எண்ணிப் பார்க்கட்டும்.

உலகில் முஸாஃபிரைப் போல வாழச் சொன்னது நம் நபி (ஸல்) அவர்களின் போதனை. நாமே பயணிகளாக இருக்கையில், இன்னொரு பயணியின் தாகம் நமக்கு அந்நியமாகாது.

வழியில் இருப்போரின் களைப்பைப் போக்கும் கைகளாக நம் கைகளை அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.