செல்வர் விரும்பிய கல்லூரியும் அறிஞர் விரும்பிய சர்வகலாசாலையும்

உயர்கல்விக்கு இடந்தேடும் மாணாக்கர் முன் சில வினாக்கள் எழுவதுண்டு. பெயர்பெற்ற பெரிய சர்வகலாசாலைக்குச் செல்வதா, சிறியதொன்றை நாடுவதா? ஆராய்ச்சி மிக்க இடத்தை விரும்புவதா, நன்கு கற்பிக்கும் இடத்தை விரும்புவதா? கற்ற கல்வி கற்றவர்க்கு மட்டும் பயன்பட்டாற் போதுமா, அயலார்க்கும் பயன்பட வேண்டுமா? இதே வினாக்கள் ஒரு சர்வகலாசாலையைத் தோற்றுவித்தவர்களுக்கு இடையிலேயே எழுந்து, அதனை ஒருமுறை அழிவின் விளிம்பு வரை கொண்டுசென்றன. அமெரிக்க ஐக்கிய நாடுகளில், மசாச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில் உள்ள கிளார்க் சர்வகலாசாலையே அது.

அதனை நிறுவிய யோனாஸ் கில்மன் கிளார்க் 1815 ஆம் ஆண்டு ஓர் உழவர் குடும்பத்திற் பிறந்தவர். அவருக்குப் பள்ளிப் படிப்பு அதிகம் வாய்க்கவில்லை. வண்டி செய்யும் தொழிலில் தொடங்கிப் பின்னர் வணிகத்திற் புகுந்தார். கலிபோர்ணியாவிற் பொன் தேடி மக்கள் குவிந்த காலத்தில், அவர் பொன்னைத் தேடவில்லை. தேடியவர்களுக்கு வேண்டிய கருவிகளையும் தளபாடங்களையும் விற்றுப் பெருஞ்செல்வம் ஈட்டினார். தமக்குக் கிட்டாத கல்வி, பொருள் வசதி குறைந்த இளைஞர்க்குக் குறைந்த செலவிற் கிட்டவேண்டும் என்பது அவர் வேட்கை. அந்நோக்கத்தோடு 1887 இல் அறநிலையம் ஒன்றினை நிறுவினார்.

முதற் தலைவராக அழைக்கப்பட்டவர் ஸ்ரான்லி ஹோல் என்னும் உளவியல் அறிஞர். அவர் ஐரோப்பாவுக்குச் சென்று அங்குள்ள சர்வகலாசாலைகளைப் பலமாதம் பார்வையிட்டுத் திரும்பினார். ஜேர்மனியில், ஆசிரியரும் மாணாக்கரும் ஒருங்கிருந்து புதிய உண்மைகளைத் தேடும் முறை அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. ஆகவே 1889 ஒற்றோபரில் கிளார்க் சர்வகலாசாலை திறக்கப்பட்டபோது, அங்கே இளங்கலை வகுப்புகளே இருக்கவில்லை. முன்னரே பட்டம் பெற்றோர் மட்டும் ஆராய்ச்சி செய்யும் இடமாக அது விளங்கிற்று. ஒளியின் வேகத்தை அளந்து புகழ்பெற்ற மைக்கல்சன் அங்கே பௌதிகம் கற்பித்தார். மானிடவியலுக்குப் புதுவழி வகுத்த பிரான்ஸ் போவாஸும் அங்கே பணியாற்றினார்.

அறிஞர் கூட்டம் சிறந்ததே. ஆனால் கிளார்க் எதிர்பார்த்த ஏழை இளைஞன் அக்கூட்டத்திற் காணப்படவில்லை. பொருள் கொடுத்தவர் கல்லூரியை எதிர்நோக்கினார்; தலைமை தாங்கியவரோ ஆராய்ச்சியைத் தவிர வேறொன்றையும் நினைக்க மறுத்தார். இருவரும் மனந்திறந்து பேசி ஓர் உடன்பாட்டுக்கு வராமையால் மனக்கசப்பு வளர்ந்தது. கிளார்க் தம் கொடையைக் குறைத்துக்கொண்டார். தலைவர்மீது ஆசிரியர்களும் நம்பிக்கை இழந்தனர்.

இந்நிலையில், 1892 இல், புதிதாக எழுந்துகொண்டிருந்த சிக்காகோ சர்வகலாசாலையின் தலைவர் ஹார்ப்பர் வூஸ்ரருக்கு வந்தார். கூடிய சம்பளமும் சிறந்த ஆய்வுகூடமும் தருவதாகக் கூறி ஆசிரியர் பலரை அழைத்துச் சென்றார். மைக்கல்சன் சென்றார், போவாஸும் விலகினார். எஞ்சியவர் சிலரே. 1907 இல் மைக்கல்சனுக்கு நோபெல் பரிசு கிடைத்தபோது, அப்பெருமை சிக்காகோவுக்கே உரியதாயிற்று.

அத்துடன் கிளார்க்கின் கதை முடிந்திருக்கலாம். முடியவில்லை. ஹோல் அவ்விடத்தை விட்டு நீங்காது, எஞ்சிய சிறு குழுவுடன் உளவியலையும் கல்வியியலையும் வளர்த்தார். ஆசிரியர்கள் பிரிந்து சென்ற அதே 1892 இல், அமெரிக்க உளவியற் சங்கம் வூஸ்ரரில் அவர் தலைமையிற் பிறந்தது. 1909 இல் சர்வகலாசாலையின் 20 ஆம் ஆண்டு நிறைவு விழாவுக்கு வியன்னாவிலிருந்து சிக்மண்ட் புறொயிட் வந்து, ஜேர்மன் மொழியில் ஐந்து விரிவுரைகள் நிகழ்த்தினார். அவர் அமெரிக்க மண்ணில் அடிவைத்தது அந்த ஒரு முறையே.

நிறுவியவரின் வேட்கையும் வீணாகவில்லை. கிளார்க் 1900 இல் இறந்தபோது, இளைஞர்க்கான கல்லூரி அமைய வேண்டும் என மரணசாதனத்தில் எழுதிவைத்திருந்தார். அதன்படி 1902 இல் கல்லூரி திறக்கப்பட்டது. கரோல் றைற் என்பார் அதன் தலைவரானார். மூன்றே ஆண்டுகளிற் பட்டம் பெறலாம் என்ற ஏற்பாடு செலவைக் குறைத்தது. கல்லூரிக்கும் ஆராய்ச்சிப் பகுதிக்கும் தனித்தனித் தலைமை இருந்த நிலை 1920 இல் நீங்கி, இரண்டும் ஒரே தலைமையின்கீழ் வந்தன. ஒருகாலத்தில் ஒன்றையொன்று பகைத்த இரு நோக்கங்கள் இவ்வாறு ஒரே வளவில் வாழத் தொடங்கின.

சிறிய இடத்திலே தனி மனிதனைக் கவனிக்க முடியும். கறுப்பின மாணாக்கர்க்குப் பல வாயில்கள் அடைக்கப்பட்டிருந்த காலத்தில், பிரான்சிஸ் சம்னர் ஹோலின் கீழ் ஆராய்ந்து 1920 இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். உளவியலில் அப்பட்டம் பெற்ற முதல் ஆபிரிக்க அமெரிக்கர் அவரே. அவ்வூரிலேயே பிறந்த றொபேட் கொடார்ட் அங்கே கற்று, அங்கேயே பௌதிகப் பேராசிரியரானார். பத்திரிகைகள் எள்ளி நகையாடியபோதும் தம் முயற்சியைக் கைவிடாது, 1926 மார்ச் 16 இல் திரவ எரிபொருளாற் செல்லும் முதல் றொக்கற்றைப் பறக்கவிட்டார்.

எனினும் இச்சர்வகலாசாலையின் வரலாறு குறைகள் அற்றதன்று. 1922 இல் ஸ்கொட் நியறிங் என்னும் பொருளியலாளர் மாணாக்கர் அழைப்பின்பேரில் உரையாற்றிக்கொண்டிருக்கையில், அன்றைய தலைவர் அற்வுட் இடையிற் புகுந்து கூட்டத்தை நிறுத்தினார். கருத்துச் சுதந்திரத்தைத் தலைவரே மறுத்ததைக் கண்டு மாணாக்கர் கண்டனம் எழுப்பினர். இளங்கலை வகுப்புகளிற் பெண்களுக்கு இடங் கிடைப்பதற்கும் 1942 வரை காத்திருக்க நேர்ந்தது.

சமூகத் தொண்டு என்பது பேச்சளவில் நிற்கலாகாது என்பதை அந்நகரின் நிலையே பின்னர் உணர்த்திற்று. வூஸ்ரரின் தொழிற்சாலைகள் நலிந்தபோது, சர்வகலாசாலையைச் சூழ்ந்த மெயின் சவுத் பகுதி வறுமையுற்றது. உயர்ந்த மதில் எழுப்பிக்கொள்வதா, அயலாருடன் கைகோப்பதா என்ற கேள்வி பிறந்தது. கிளார்க் இரண்டாவது வழியைத் தெரிந்தது. 1997 இல், நகரின் பொதுப் பாடசாலை நிருவாகத்துடன் இணைந்து, அப்பகுதிப் பிள்ளைகளுக்கென ஒரு சிறிய அரசாங்கப் பாடசாலையைத் தொடங்கியது. தகுதிபெற்று அனுமதிக்கப்படும் அயற்பிள்ளைகள் கட்டணமின்றித் தன்னிடம் பயிலவும் வழிசெய்தது. கூலிவேலை செய்வோரின் பிள்ளைகளும், புதிதாகக் குடிபெயர்ந்து வந்தோரின் பிள்ளைகளும் அவ்வாயிலால் நுழையலாயினர். யோனாஸ் கிளார்க் மனத்திற் கண்ட இளைஞன், நூறு ஆண்டுகள் கழிந்தபின், அடுத்த வீதியிலிருந்து நடந்து வந்தான்.

ஆதலால், சர்வகலாசாலையைத் தேர்வோர் அதன் கட்டடங்களின் உயரத்தை மட்டும் நோக்குதல் போதாது. அங்கே ஆராயும் பேராசிரியர் முதலாண்டு மாணாக்கனுக்கும் கற்பிக்கின்றாரா? மாறுபட்ட கருத்தை அமைதியுடன் கேட்கும் வழக்கம் உண்டா? வாயிலுக்கு வெளியே வாழும் ஏழையின் பிள்ளை உள்ளே வர வழி உண்டா? இம்மூன்று வினாக்களையும் துணிந்து கேட்டுப் பெறும் விடைகளைக் கொண்டே தம் பிள்ளைகளை அனுப்பும் இடத்தைப் பெற்றோர் முடிவுசெய்தல் வேண்டும். பெயர் சிறியதாயினும், இம்மூன்றுக்கும் ஆம் என்று விடையிறுக்கும் இடம் பெரிய இடமேயாகும்.